பண்ட்: ஒரு மண்கரையின் பெயர் வந்த வழியும், அது மறைக்கிற விஷயமும்

மழைக்காலச் செய்திகளில் ஒரே பொருள் பல பெயர்களில் வரும். தமிழ்நாட்டு நாளிதழ் "ஏரிக்கரை உடைப்பு" என்று எழுதும். ஆங்கிலச் செய்தியைத் தழுவிய இணையதளம் "ஏரியின் பண்ட் உடைந்தது" என்னும். வன்னியிலிருந்து வரும் செய்தியில் அது "குளக்கட்டு". முல்லைப்பெரியாறு வழக்கு என்றால் "மண் அணை". பீகார் வெள்ளச் செய்தியை மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் "தடுப்பணை" என்று போட்டுவிடுவதும் உண்டு. அது தவறு. போதாக்குறைக்கு ஷாங்காய் நகரின் புகழ்பெற்ற ஆற்றோர வீதிக்கும் "தி பண்ட்" என்றே பெயர். அது ஜெர்மன் சொல்லா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. தீபாவளி பண்டு, சீட்டுப் பண்டு என்று நாம் சொல்லும் பண்டு, நிதியைக் குறிக்கும் வேறு ஆங்கிலச் சொல். "ஏரிப் பண்டு" என்று எழுதினால் ஏரிக்கு வசூலித்த பணம் என்றுதான் பலருக்கும் படும். ஆகவே இந்தக் கட்டுரையில் மண்கரையைப் "பண்ட்" என்றே எழுதுகிறேன்.

பண்ட் என்பது எது?

நீரை ஒரு பக்கத்தில் நிறுத்திவைப்பதற்காக மண்ணைக் கொட்டி, நனைத்து, இறுக்கி, நீளமாக எழுப்பிய மேடுதான் பண்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் இச்சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது.

1. ஏரி அல்லது குளத்தின் கரை. ஹைதராபாத்தின் "டேங்க் பண்ட்" சாலை, 1560களில் இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் எழுந்த ஹுசைன் சாகர் ஏரியின் கரைதான்.
2. ஆற்றை ஒட்டி, ஆறு போகும் திசையிலேயே நீளும் வெள்ளத் தடுப்புக் கரை.
3. வயல் வரப்பு. சரிவான மானாவாரி நிலத்தில் ஒரே உயரக் கோட்டைப் பிடித்துப் போடும் வரப்பையும் வேளாண் துறையினர் பண்ட் என்பார்கள்.

ஏரிக்கரையின் வடிவத்தைக் கவனித்தால் பல விஷயங்கள் புரியும். ஏரியைச் சுற்றிலும் கரை இருக்காது. நிலம் தாழும் பக்கத்தில் மட்டும் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். மழைநீர் அந்தத் திறந்த பக்கத்திலிருந்து வந்து கரையில் முட்டி நிற்கும். அதனால் மேலிருந்து பார்த்தால் கரை வில்போல வளைந்திருக்கும். புறநானூற்று 118ஆம் பாட்டில் கபிலர் பறம்பு நாட்டுக் குளத்தை "எண்ணாள் திங்கள் அனைய கொடுங்கரை" என்கிறார். எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரை என்பது பொருள். பொறியாளர் வரைபடத்திலும் அது அப்படித்தான் இருக்கும். பாரி இறந்தபின், பார்ப்பாரின்றி அந்தச் சிறுகுளம் உடைகிறது என்பதுதான் பாட்டின் துயரம்.

பாரசீகத்திலிருந்து

ஆங்கிலேயர் இந்தியாவில் கற்ற சொற்களைத் தொகுத்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதி 1886இல் வெளியானது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். செயற்கையாக எழுப்பிய கரை, அணை, மேட்டுப்பாதை ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லாக அந்த அகராதி பண்டைப் பதிவுசெய்து, இந்துஸ்தானியின் "பந்த்" என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. அந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் "பந்த்" என்றால் கட்டு, தளை, முடிச்சு. நீரைக் கட்டுவதால் அணைக்கும் அதே பெயர்.

ஈரானின் ஷுஷ்தர் நகரில் "பந்தே கைசர்" என்ற பழைய அணை இருக்கிறது. ரோமப் பேரரசன் வலேரியன் 260ஆம் ஆண்டு பாரசீகரிடம் தோற்றுப் பிடிபட்டபின், சிறைப்பட்ட ரோமப் படையினரை வைத்துக் கட்டியது என்பது மரபுச் செய்தி. ஆப்கானிஸ்தானின் பந்தே அமீர் ஏரிகளின் பெயரிலும் இதே சொல் உள்ளது. அங்கே நீரை நிறுத்தியிருப்பது மனிதர் அல்ல, ஊற்றுநீரில் கரைந்து வந்து படிந்த சுண்ணாம்புப் பாறை. இந்தியா உதவி செய்து 2016இல் திறக்கப்பட்ட ஹெராத் மாகாணத்துச் சல்மா அணையும் அந்த ஊர்க்காரர்களுக்குப் "பந்தே சல்மா".

இவற்றில் கல் அணையும் உண்டு, இயற்கையான தடுப்பும் உண்டு. பாரசீகச் சொல்லுக்கு எதனால் கட்டப்பட்டது என்ற கவலை இல்லை. ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் மண்கரை என்று பொருள் பெரும்பாலும் சுருங்கியது.

இனி எழுத்து. பாரசீகச் சொல்லில் இருப்பது அகரம். ஆங்கில எழுத்தில் அது "யு" ஆனது எப்படி? பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்தியச் சொற்களின் குறில் அகரத்தை அப்படித்தான் எழுதினார்கள். பஞ்சாப், பண்டிட், கடப்பா என்ற பெயர்களின் பழைய ஆங்கில எழுத்தைப் பார்த்தால் தெரியும். இடுப்புக் கட்டான "கமர்பந்த்" ஆங்கில உடையணியில் சேர்ந்தபோதும் கடைசியில் இதே எழுத்துகளைத்தான் பெற்றது. பாரசீகத்தின் பல்லொலி "த்" ஆங்கில நாக்கில் "ட்" ஆயிற்று. நாம் அதைத் திரும்ப வாங்கும்போது "பண்ட்" என்று வாங்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே சொல் இந்தி வழியாக நேராகவும் நம்மிடம் வந்திருக்கிறது. கடையடைப்பைக் குறிக்கும் "பந்த்" அதுதான். கட்டி மூடியது என்ற பொருள் வழி. போலீஸ் "பந்தோபஸ்து" என்பதும் பாரசீகத்தின் "கட்டலும் பிணைத்தலும்" என்ற தொடர். தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் "ஜமாபந்தி"யில் பின்பாதியும் அதே.

ஜெர்மன் "புண்ட்" வேறா?

வேறுதான், ஆனால் உறவுக்காரர். பாரசீக "பந்த்", வடமொழி "பந்த", கட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "பைண்ட்", கூட்டமைப்பைக் குறிக்கும் ஜெர்மன் "புண்ட்" ஆகிய எல்லாம் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஜெர்மானியர் மாநிலங்களைக் கட்டிச் சேர்த்ததற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நாடாளுமன்றமான புண்டஸ்டாக், கால்பந்துத் தொடரான புண்டஸ்லிகா என்பவற்றில் வருவது அதுதான். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் அமைந்தது தற்செயல். ஷாங்காய் வீதிக்கும் ஜெர்மனிக்கும் பெயர் வழியில் சம்பந்தமில்லை.

அந்த "சம்பந்தம்" கூட இந்த வேர்தான். பந்தம், நிபந்தனை, பிரபந்தம் என்று வடமொழி வழியாக வந்த கூட்டம் தமிழில் பெரிது.

ஷாங்காய்க்குப் போன கதை

1842 நான்கிங் உடன்படிக்கைக்குப் பிறகு, 1843இல் ஷாங்காய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. ஹுவாங்பு ஆற்றோரத்தில் படகுகளைக் கயிறு கட்டி இழுப்பவர்கள் நடந்த சேற்றுத் தடம் இருந்தது. அதை மேடாக்கிக் கரைகட்டி, அதையொட்டி ஆங்கிலேயர் தங்கள் வணிக மாளிகைகளை வரிசையாக எழுப்பினார்கள். இன்று படங்களில் தெரியும் ஹாங்காங்-ஷாங்காய் வங்கிக் கட்டடம் 1923இலும் சுங்க மாளிகை 1927இலும் முடிந்தவை.

பெயர் எங்கிருந்து கிடைத்தது? அந்த வணிகர்களின் அன்றாடப் பேச்சே இந்தியத் துறைமுகங்களில் ஊறியது. காசுமாற்றுபவரைக் குறிக்கும் "ஷ்ராஃப்", நாம் சராப்பு என்பது, ஹாங்காங்கில் இன்றும் வாகன நிறுத்தத்தில் பணம் கட்டும் இடத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. பண்டும் அதே மூட்டையில் போனதுதான். யோகோஹாமாவிலும் ஹாங்கௌவிலும்கூட ஆற்றோர, கடலோர வீதிகள் பண்ட் ஆயின. சீனர்கள் இந்தப் பெயரை ஏற்கவே இல்லை. அவர்களுக்கு அது "வாய்த்தான்", அதாவது வெளிக்கரை.

தமிழ் கட்டியதும், சேது கட்டியதும்

நீரைக் கட்டுதல் பாரசீகரின் தனிக் கற்பனை அல்ல. தமிழில் கட்டு என்பது கயிற்றால் கட்டுவதற்கும் ஆகும், வீடு கட்டுவதற்கும் ஆகும், ஆற்றை மறிப்பதற்கும் ஆகும். கிளிநொச்சிக்காரர் இரணைமடுக் "குளக்கட்டு" என்று சொல்வது பாரசீகரின் பந்த் என்பதற்கு அப்படியே இணை. காவிரிப் படுகையின் "அணைக்கட்டு" ஆங்கிலத்துக்குப் போய் "அனிகட்" ஆனது. கல்லணைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரிலும், ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கட்டிய மேலணையின் ஆங்கிலப் பெயரிலும் அது நிற்கிறது. மிகைநீர் வெளியேறும் கலிங்கும் "கலிங்குலா" என்ற பெயரில் சென்னை மாகாணப் பாசன அறிக்கைகளில் புகுந்து அகராதி ஏறிவிட்டது.

பழைய சான்று ஒன்று. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் சொன்ன புறநானூற்று 18ஆம் பாட்டு, நிலம் பள்ளமான இடத்தில் நீர்நிலை பெருகும்படி "தட்டோரே" உலகில் புகழைத் தட்டோர் என்கிறது. பழைய உரை இதற்குத் "தளைத்தோர்" என்று பொருள் சொல்லும். தளைத்தல் என்றால் கட்டுதல்.

வடமொழிச் "சேது" இன்னும் சுவையானது. நமக்குச் சேது என்றவுடன் இராமேசுவரமும் பாலமும் நினைவுக்கு வரும். ஆனால் பாலம் என்பது அச்சொல்லின் பொருள்களில் ஒன்று மட்டுமே. கட்டுதலைக் குறிக்கும் "சி" என்ற வினையடியிலிருந்து வந்தது சேது. தளை, மண்மேடு, அணை என்பவையும் அதன் பொருள்கள். அர்த்தசாஸ்திரத்தில் வரும் "சேதுபந்தம்" பாசனத்துக்கான கரைகளையும் அணைகளையும் குறிப்பது. ஜூனாகத் பாறையில் மன்னன் ருத்ரதாமன் 150ஆம் ஆண்டு வாக்கில் பொறித்த சாசனம், மௌரியர் காலத்துச் சுதர்சன ஏரியின் கரை புயல்மழையில் 420 முழ நீளத்துக்கு உடைந்ததையும் அதை முன்னைவிட வலுவாகக் கட்டியதையும் சொல்கிறது. அங்கே கரைக்குப் பெயர் சேது. ஈரானிய மொழிகளிலும் இதற்கு உறவுச்சொல் உண்டு. ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்து ஆற்றின் பழம்பெயருக்கு "அணைகள் உடையது" என்றுதான் பொருள். வடமொழியில் சொன்னால் சேதுமந்த்.

கட்டு இல்லாத பெயர்கள்

எல்லாரும் கட்டவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1718இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் கரையை "லெவே" என்றனர், உயர்த்தியது என்று பொருள். அமெரிக்க ஆங்கிலத்தின் "லெவி" அதுதான். 2005இல் கத்ரீனா புயலில் அந்நகரின் கரைகளும் வெள்ளச் சுவர்களும் உடைந்தபோது உலகம் முழுக்கக் கேட்ட சொல். டச்சுக்காரரின் "டைக்" தோண்டுதலில் பிறந்தது. ஆங்கிலத்தில் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள இரு சொற்கள் மூலத்தில் ஒன்றே, ஏனென்றால் தோண்டிய மண்தான் பக்கத்தில் கரையாகிறது. நம் வரப்போ வரம்பு, அதாவது எல்லை. கரை என்பதும் ஓரம்தான், வேட்டிக் கரை போல.

இன்றைய பிரிட்டனில் பண்டுக்கு எதிர்பாராத ஒரு வேலை கிடைத்திருக்கிறது. எண்ணெய்த் தொட்டி கசிந்தால் எண்ணெய் வெளியேறாதபடி சுற்றி எழுப்பும் மேட்டையோ சுவரையோ அங்கே பண்ட் என்கிறார்கள். அதற்குள் தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காடு அடங்க வேண்டும் என்பது வழக்கமான விதி. இந்திய எண்ணெய்க் கிடங்கு விதிகளோ அதே அமைப்பை "டைக்" என்கின்றன. நம்மிடமிருந்து போன சொல்லை அவர்கள் வைத்துக்கொள்ள, டச்சுச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம்!

பெயர் மறைப்பது எதை?

கட்டு என்ற பெயர் வேலையைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் பண்ட் என்பது மண். அணைக்கட்டுக்கும் பண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு நீளமோ உயரமோ அல்ல. ஆற்றின் குறுக்கே கல்லால் கட்டிய அணைக்கட்டின் மேல் நீர் வழிந்தோடலாம், அதற்காகவே கட்டியது அது. பண்டின் மேல் நீர் வழியவே கூடாது. "அணை நிரம்பி வழிகிறது" என்பது ஓரிடத்தில் மகிழ்ச்சிச் செய்தி, இன்னோரிடத்தில் ஊரைக் காலிசெய்ய வேண்டிய செய்தி.

மண்கரை கெடும் வழிகள் முக்கியமாக மூன்று.

1. மேலே வழிதல். வழியும் நீர் கரையின் வெளிச்சரிவை அரித்து, மேலிருந்து கீழாக வாய் பிளக்கும். இதைத் தவிர்க்கத்தான் கலிங்கு. தமிழ்நாட்டில் மறுகால் பாய்வது, ஈழத்தில் வான் பாய்வது என்பதெல்லாம் நீர் அந்தப் பாதுகாப்பான வழியில் வெளியேறுவது. அதிக நீர் வேண்டும் என்று கலிங்குக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால், கரையின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். கரை பழையபடியே இருக்கும், ஆபத்து மட்டும் கூடும்.

2. உள்ளே அரித்தல். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று பொருள். எலிவளை, நண்டுவளை, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம் ஆகியவை இதற்குத் தொடக்கம். மதகின் குழாயும் மண்ணும் சேரும் இடமும் எப்போதும் பலவீனமானது.

3. சரிதல். நனைந்த கரை கனத்துச் சரியலாம். ஏரி நீரை மிக வேகமாக இறக்கினால் உட்சரிவு சரிவதும் உண்டு. வெளியே நீர் இறங்கிவிடும், மண்ணுக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் இறங்காது.

முதல் வகைக்கு, குஜராத்தின் மோர்பி அருகே 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு-2 அணைக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. மிகைநீர் வெளியேறும் பகுதி நடுவில் கல் கட்டுமானம், இருபுறமும் நீண்ட மண்கரைகள். வடிவமைத்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வெள்ளம் வந்தது. கல் பகுதி நின்றது, மண்கரைகள் போய்விட்டன. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இலங்கையில் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதாகத் தமிழ் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கனரக வாகனங்கள் கட்டின்மேல் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆற்றோரப் பண்டுக்கு நான்காவது சிக்கலும் இருக்கிறது. என் கணிப்பில் அதுவே பெரியது. இமயமலையிலிருந்து வண்டல் சுமந்து வரும் கோசி போன்ற ஆற்றை இரு கரைக்குள் அடைத்தால், பரவிப் படிய வேண்டிய வண்டல் ஆற்றுப்படுகையிலேயே படியும். படுகை உயரும், கரையையும் உயர்த்த வேண்டும், நாளடைவில் ஆறு ஊரைவிட மேட்டில் ஓடும். பீகாரில் 1950களின் தொடக்கத்தில் சுமார் 160 கி.மீ. இருந்த கரைகள் 1990களில் 3,400 கி.மீ.யைத் தாண்டின. அதே காலத்தில் வெள்ளத்துக்கு இலக்காகும் நிலம் 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல் போனது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் கோசிக் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடிய நீர், அந்தக் கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியில் இதற்குப் பெயர் "தட்பந்த்": ஆற்றங்கரையில் போட்ட கட்டு. குறுக்கே போடும் தடுப்பணை அல்ல.

முல்லைப்பெரியாறு செய்தியில்

இந்த வேறுபாடு தெரிந்தால் முல்லைப்பெரியாறு வழக்கின் சொற்கள் பிரிந்து தெரியும். அங்கே இருப்பது ஒரே அணை அல்ல. 1895இல் முடிந்த, சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் கல்லும் சேர்ந்த பிரதான அணை ஒன்று. பக்கத்தில் சிறிய "பேபி அணை". அதையடுத்து மண் அணை, அதாவது பண்ட். ஆற்றை மறிப்பது பிரதான அணை. மற்ற இரண்டும் நீர்மட்டம் ஏறும்போது பக்கத்துத் தாழ்வான இடம் வழியாக நீர் போய்விடாமல் அடைப்பவை.

1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது, 2014இல் மீண்டும் உறுதிசெய்தது. அணையின் முழு மட்டமான 152 அடிக்குப் போவதற்கு முன் வலுப்படுத்த வேண்டியவையாகப் பேசப்படுபவை பேபி அணையும் மண் அணையும்தான். அந்த வேலைக்காகப் பேபி அணையருகே 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை 2021 நவம்பரில் அனுமதி கொடுத்ததும், கேரள அரசு சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றதும் ஏன் அவ்வளவு பெரிய செய்தியாயின என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மரம் இருக்கும்வரை பலப்படுத்தும் வேலை நகராது. அது நகராதவரை 142க்கு மேல் பேச்சில்லை.